கோரிக்கைப் பட்டியலில் இல்லாத வரி

2020 மே 7, 2020 ஜூலை 1. மந்தாரக்குப்பத்துக்காரர்களிடம் இந்தத் தேதிகளைச் சொன்னால் போதும், விளக்க வேண்டியதில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை பாய்லர் வெடித்தது. ஜூலை 1 அன்று 6 பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயங்களோடு சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக இறந்தார்கள். ஊரே ஆம்புலன்ஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தது.

இப்படி ஒரு விபத்து நடந்தால் கேட் முன்னால் என்ன கோரிக்கை எழும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு, வாரிசுக்கு நிரந்தர வேலை, காயம்பட்டவர்களுக்கு முழு சிகிச்சை, பொறுப்பான அதிகாரிகள் மீது நடவடிக்கை. அத்தனையும் நியாயம். நானும் அந்தத் துண்டறிக்கைகளைப் படித்தே வளர்ந்தவன். ஆனால் ஒரு வரியை அவற்றில் நான் பார்த்ததே இல்லை. எரிந்துகொண்டிருந்த சக தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு, மறுவாரம் அதே இடத்துக்கு நைட் ஷிப்ட் போக வேண்டியவருக்கு, மனநல சிகிச்சை வேண்டும் என்கிற வரி அது.

நிர்வாகம் அதைத் தானாகத் தந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். நாம் ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் மனசு வலிப்பதாக யாரும் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தல பாரமா இருக்கு", "தூக்கமே வரல", "கை கால் அசதி" என்றுதான் சொல்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை கிடைக்கும். ஆணாக இருந்தால் சாயங்காலம் டாஸ்மாக் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் சாமி வந்திருக்கிறது, இல்லையென்றால் பேய் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் தாண்டி ஒருவர் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால் அவருக்கு ‘மெண்டல்’ என்று பட்டம். 1794-ல் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. தமிழ் சினிமா காமெடியில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியதில் இந்தப் பயத்துக்கும் வெட்கத்துக்கும் பங்கு உண்டு.

இது ஊர்ப் பொதுப்புத்தி. இயக்கத்துக்குள் இருக்கும் நம்மிடம் வேறு ஒரு தயக்கம் இருக்கிறது. படிப்பு வட்டத்தில் ஒரு தோழர் மூன்று மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார். "தெரபிக்குப் போகலாம்னு இருக்கேன் தோழர்" என்று அவர் சொன்னால் என்ன பதில் வரும்? "அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம் தோழர். பிரச்சினை சமூகத்துல இருக்கு, உங்க மண்டைல இல்ல. களத்துக்கு வாங்க, எல்லாம் சரியாயிடும்."

இந்தப் பதிலில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. பத்து மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்கிவிட்டு மூச்சுப்பயிற்சி செயலி ஒன்றை இலவசமாகத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. சமூகம் செய்த காயத்தைத் தனிமனிதக் கோளாறு என்று எழுதி ஃபைலை மூடுகிற மனநலத் துறையும் இருக்கிறது. அதை எதிர்க்க வேண்டும், சந்தேகமில்லை.

மீதிப் பாதியைப் பார்ப்போம். அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வந்து மொட்டை மாடியில் காயும் துணி மீது படிவதை இங்கே பார்க்காதவர் கிடையாது. அந்தத் தூசியால் ஒருவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பிரச்சினை சிம்னியில இருக்கு, உங்க நுரையீரல்ல இல்ல, அதனால டாக்டர்கிட்ட போகாதீங்க" என்று எந்தத் தோழராவது சொல்வாரா? காரணம் வெளியே இருந்தாலும் காயம் உள்ளே இருக்கிறது. சாம்பலைக் கட்டுப்படுத்தச் சொல்லி மறியலும் செய்கிறோம், இருமுகிறவரை மருத்துவமனைக்கும் கூட்டிப்போகிறோம். நுரையீரலுக்குச் செய்வதை மனசுக்குச் செய்ய மட்டும் நமக்குக் கொள்கை குறுக்கே வருகிறது.

ஃபிரான்ஸ் ஃபனானை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அவருடைய தொழில் மனநல மருத்துவம் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். 1953-ல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் கூட்டம், பத்திரிகை, விழா என்று அவர் தொடங்கிய குழுச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. அதையே முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தபோது படுதோல்வி. நோயாளிகளைக் குறை சொல்லாமல் தன் முறையை அவர் திருப்பிப் பார்த்தார். அந்த மக்களுடைய தேநீர்க்கடை போல ஒரு கடையை வார்டிலேயே வைத்தார், அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடினார், ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறவரை அழைத்து வந்தார். மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு நாட்டு மக்களைத் தங்கள் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் அவர்களைக் குணப்படுத்துவதாகச் சொல்வது பொய் என்று முடிவு செய்து 1956-ல் பதவி விலகினார்.

இந்த ராஜினாமாவோடு கதையை நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். விலகிய ஃபனான் துனிஸ் நகரத்துக்குப் போய் விடுதலை இயக்கத்தில் முழுமூச்சாக வேலை செய்தார். அதே காலத்தில் அங்கே ஒரு பகல்நேர மனநல மருத்துவமனையையும் தொடங்கி நடத்தினார். காலையில் வந்து சிகிச்சை பெற்றுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். விடுதலை வரட்டும், அதுவரை பொறுத்திருங்கள் என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

விபத்தைக் கண்ணால் பார்த்தவர்களின் நிலை ஒன்று. எந்த விபத்தும் நடக்காமலேயே காலியாகிப் போகிறவர்கள் இந்த ஊரில் அதைவிட அதிகம். ஐடிஐ முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, இதோ எடுப்பார்கள் அதோ எடுப்பார்கள் என்று முப்பது வயதைத் தாண்டியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே வீடியோவில் பார்த்தது. அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் அதை எத்தனை இரவு பார்த்துக்கொண்டிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. டவுன்ஷிப்பின் வட்டங்களில் நிழல் மரமும் குவார்ட்டர்ஸும் இருக்க, அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்துவிட்டு மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்குத் திரும்புகிற ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார். இவர்களிடம் என்ன பிரச்சினை என்று கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்பார்கள். "எதுக்கு எழுந்திரிக்கணும்னு தெரியல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு வயது 27.

வாழ்க்கையில் அர்த்தமில்லை என்பது தத்துவம் படித்தவர்களுக்கு வரும் நோய் என்று நினைக்கிறோம். 1930-களின் தொடக்கத்தில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் தங்கள் குழுவோடு அங்கே போய் ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். வேலை போனதும் மக்களுக்கு நேரம் மிச்சமாகும், படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். தெருவில் அவர்கள் நடக்கிற வேகம்கூடக் குறைந்ததை ஆய்வாளர்கள் ஜன்னல் வழியாக அளந்து பதிவு செய்தார்கள். வறுமை வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் போராட்டம் வரும் என்ற கணக்கு அந்த ஊரில் பொய்த்தது. அங்கே வந்தது சோர்வு.

அதே ஆண்டுகளில் வியன்னாவில் வேலையில்லா இளைஞர்களைக் கவனித்த இளம் மருத்துவர் விக்டர் ஃபிராங்கல். வேலை இல்லாதவன் எதற்கும் பயனில்லாதவன், பயனில்லாதவனுக்கு வாழ்வில் பொருளில்லை என்று அவர்கள் மனசு இரண்டு தவறான கணக்குகளைப் போட்டுக்கொள்கிறது என்று அவர் கண்டார். அவர்களை நூலகம், இளைஞர் அமைப்பு, முதியோர் கல்வி என்று கூலியில்லாத பொதுவேலைகளில் ஈடுபடுத்தினார். பசி அப்படியே இருந்தது, மனச்சோர்வு குறைந்தது என்று பின்னாளில் எழுதினார். ‘களத்துக்கு வாங்க’ என்று நம் தோழர்கள் சொல்வதும் இதுதானே என்று கேட்கலாம். ஓரளவு ஆமாம். ஆனால் ஃபிராங்கல் அவர்களை முதலில் உட்கார வைத்துக் கேட்டார். எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவரிடம் போஸ்டர் ஒட்ட வரச் சொன்னால், அதையும் செய்ய முடியாத குற்றவுணர்ச்சிதான் கூடுதலாகச் சேரும்.

சாதிக்கு வருவோம். நாம் சுயமரியாதை பேசும் இயக்கம். சாதி முதலில் அடிப்பது அந்த மரியாதையை, அதாவது ஒருவர் தன்னைப் பற்றி உள்ளுக்குள் வைத்திருக்கும் மதிப்பை. ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலில் அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் நடந்ததை எழுதியிருக்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவரை, தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். 18 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சி மங்கவில்லை, நினைத்தால் கண்ணீர் வராமல் இருப்பதில்லை என்று அவர் எழுதுகிறார். எழுதும்போது அவர் வட்டமேசை மாநாட்டில் வாதாடிவிட்டு வந்தவர், மகாத் குளத்தில் இறங்கியவர். அத்தனை வெற்றியும் அந்தக் காட்சியை அழிக்கவில்லை. அதை ஒளிக்காமல் எழுதியதில் அவருக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை. நாம்தான் "நான் ஸ்ட்ராங்" என்று தோளைத் தட்டிக்கொண்டு இரவில் விழித்துக் கிடக்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் சாதி ஆணவத்தால் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இடைப்பட்ட காலம் முழுக்க அந்தக் குடும்பம் சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டப் போராட்டத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். 18 ஆண்டுகள் அந்த நாளை உயிரோடு வைத்திருப்பது ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன செய்யும் என்று நம் உண்மை அறியும் குழு அறிக்கைகளில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டாமா?

சட்டம் இதில் நம்மைவிட ஒரு படி முன்னால் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்று அது தரும் வரையறையில் உடல், பண இழப்புகளோடு மன, உளவியல், உணர்வு ரீதியான பாதிப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. உறவினர்களும் அதில் அடங்குவார்கள். புகார் எழுதிக்கொடுக்கும் தோழர்கள் தூக்கமின்மை, பயம், பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை என்று இவற்றையும் எழுத வேண்டும். மனநல மருத்துவரிடம் காட்டிய சீட்டு இருந்தால் அதுவும் ஓர் ஆவணம்.

சரி, போகலாம் என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த சிக்கல், அந்த அறைக்குள் சாதி இருக்கிறதா என்பது. இருக்கிறது. முதல் சந்திப்பில் "எந்த ஊர்? எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் தமிழக அரசு அறிவித்தது. அந்த முகவரியோடு வளர்ந்தவருக்குக் கேள்வி வேறு மாதிரி கேட்கும். பாதியில் தொண்டை அடைக்கும். மும்பை ஐஐடியில் 2023 பிப்ரவரியில் தர்ஷன் சோலங்கி இறந்த பிறகு அங்குள்ள அம்பேத்கர் பெரியார் பூலே படிப்பு வட்டம் எழுப்பிய கேள்விகளில் இதுவும் ஒன்று: மாணவர் ஆலோசனை மையத்தில் நம் வலி தெரிந்த, நம் சமூகங்களிலிருந்து வந்த ஆலோசகர்கள் எங்கே? ரோஹித் வெமுலா, சேலத்து முத்துக்கிருஷ்ணன், பாயல் தட்வி என்று நாம் இழந்தவர்களின் பெயர்கள் நீளும்போது இந்தக் கேள்வியின் கனம் கூடுகிறது. அவர்களைக் கொன்றது நிறுவனங்களின் சாதி. அதைச் சொல்வதில் நாம் தயங்கியதில்லை, இனியும் தயங்கப் போவதில்லை. இன்று அதே நிறுவனங்களில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் உயிரோடு இருந்து சண்டை போட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பகுதியில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல்லுக்கு வழக்கமாக இரண்டு பொருள். ஒன்று, இன்ஜினியரிங் சீட்டு. இன்னொன்று, சாதி மாறிக் காதலித்த பெண்ணை ஸ்டேஷனில் உட்கார வைத்து உறவினர்கள் சூழ்ந்துகொண்டு மனசை மாற்றுவது. இரண்டாவதற்கு கட்டப்பஞ்சாயத்து என்று பெயர், மனநலத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, தன் மூன்றாவது பிரிவிலேயே, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளுக்கு அடங்காததை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. காதலித்ததற்காகவோ கட்சியில் சேர்ந்ததற்காகவோ உங்களை டாக்டரிடம் இழுத்துப்போனால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 2021-ல் தன்பால் இணையர் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு விளங்காததை விளங்கிக்கொள்ள ஓர் உளவியலாளர் முன் தானே உட்கார்ந்தார். பாலின ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னதும் அந்த வழக்கின் உத்தரவுதான்.

உண்மையான சிகிச்சையில் என்ன நடக்கும்? பெரிதாக மர்மம் ஒன்றும் இல்லை. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் படித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து தரமாட்டார். ‘கவுன்சிலர்’ என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், வார இறுதியில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முதல் நாள் தூக்கம், பசி, வேலை, குடி, வீடு என்று கேட்பார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகக் கேட்பார்கள். பயந்துவிட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு அதை வாய்விட்டுச் சொன்ன அன்றுதான் மூச்சு வருகிறது. பேசியதை ரகசியமாக வைத்திருப்பது சட்டப்படி அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்கிற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அடுத்தடுத்த சந்திப்புகளில் பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள் தருவார்கள். காலையில் எழுந்து பத்து நிமிடம் நடப்பது, ஒரு நண்பருக்கு போன் செய்வது, மனசில் ஓடும் ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்ற வாக்கியத்தை எழுதிவைத்து அதற்கு ஆதாரம் என்ன என்று பார்ப்பது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஒரே நாளில் ஒன்றும் மாறாது. நாலைந்து வாரம் போக வேண்டும்.

சாதியைப் பற்றிச் சொல்லும்போது "இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா" என்றோ, "நீங்க ரொம்ப சென்சிட்டிவ்" என்றோ, கோயிலுக்குப் போய் வாருங்கள் என்றோ பதில் வந்தால் ஆளை மாற்றுங்கள். திவ்யா கந்துகூரி தொடங்கிய ‘தி புளூ டான்’ போன்ற குழுக்கள் பகுஜன் மக்களுக்குச் சாதி தெரிந்த ஆலோசகர்கள் வேண்டும் என்று பேசுவது இதனால்தான். ஒரு மோசமான ஆலோசகரைப் பார்த்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் நடக்கிறது. பல்லைத் தவறாகப் பிடுங்கிய டாக்டரால் நாம் பல் வைத்தியத்தையே விட்டுவிடுவதில்லை.

பணம்? தனியாரிடம் ஒரு சந்திப்புக்கே இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. அந்த எட்டுப் பேர் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அரசு சேவை இருக்கிறது, அது நம் வரிப்பணம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நைட் ஷிப்டில் மூன்று மணிக்கு மனசு கையை மீறினாலும் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. சட்டத்தின் 18-வது பிரிவு மனநல சிகிச்சையை உரிமை என்கிறது. குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால் மாவட்டத்தின் வேறு இடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் யாரும் இதைக் கேட்டு ஒரு மனுகூடப் போட்டதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் மந்தாரக்குப்பத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, திரும்ப ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளி வாரம் ஒரு நாள் இப்படி விட முடியாது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பஸ் கட்டணத்துக்குக் காசில்லாமல் வர முடியாத ஒரு நோயாளியை இழந்தார். அதற்குப் பிறகு 2006-ல் ஹராரே நகரின் ஏழைக் குடியிருப்பில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். ‘மனச்சோர்வு’ என்ற மருத்துவச் சொல்லுக்குப் பதிலாக அந்த மக்களே சொல்லும் ‘அதிகமாக யோசிக்கிறது’ என்ற சொல்லை வைத்தே அந்தப் பாட்டிகள் பேசினார்கள். நம் வீட்டில் அம்மா சொல்லும் "ரொம்ப யோசிச்சிகிட்டே இருக்காத" என்பதேதான். அது வேலை செய்கிறது என்று 2016-ல் முறையான மருத்துவ ஆய்வில் நிறுவப்பட்டது. கோவாவில் சங்காத் அமைப்பு மனநலத் துறையில் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்துக் கடுமையான மனச்சோர்வுக்கே சில சந்திப்புகளில் பலன் கண்டதை 2017-ல் லான்செட் இதழ் வெளியிட்டது.

மந்தாரக்குப்பத்தில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் இருக்கிறார்கள், மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வாரம் ஒரு மாலை, ஷிப்ட் முடியும் நேரத்தில், இங்கே வந்து உட்காரட்டும். தேர்ந்தெடுத்த பத்துப் பேருக்கு அவர்களே பயிற்சி தரட்டும். தீவிர நோய் உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்புவது, மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். விபத்து நடந்த யூனிட்டில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும், நிரந்தரம் ஒப்பந்தம் என்ற பாகுபாடு இல்லாமல், சம்பளத்தோடு கூடிய விடுப்பும் மனநல சிகிச்சையும் நிர்வாகத்தின் செலவில் தர வேண்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இழப்பீட்டுக்கும் வாரிசு வேலைக்கும் கீழே இந்த வரியை எழுதுவோம். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வாரிசு வேலை கேட்டபோதும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

படிப்பு வட்டங்கள் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. முதல் தடவை மனநலப் பிரிவுக்குப் போகிறவர் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவார். ஓபி சீட்டுப் போடும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். கூட ஒருவர் போனால் போதும். அறைக்குள் போக வேண்டாம், என்ன பேசினீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த தேதியைச் செல்போனில் குறித்துக்கொண்டு, விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஏறி மந்தாரக்குப்பத்தில் இறங்கலாம். என் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் வர முடியும்.